விறைத்துப்போன ஓஸ்

நான் கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் கலவை இயந்திரத்தில் நிற்கிறேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் செய்கிற இடம். பி.வி.சி. மாவை அப்படியே உருக்கினால் கட்டை மாதிரி விறைத்த குழாய்தான் வரும். அதை வளைய வைப்பது டி.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும் எண்ணெய். நிறம் கிடையாது, வாசமும் இல்லையென்றே சொல்லலாம், கையில் பட்டால் இலேசில் காயாது. சூடான கலவையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, மா அத்தனையையும் குடித்துவிட்டுப் புட்டு மா போல உதிரியாக நிற்கும்.

தீபாவளிக்கு மீந்த துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி விடுவார். போன தீபாவளிக்கு, கண்ணாடி போன்ற ஓஸில் ஒரு துண்டை, கலஹாவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். பீப்பாயிலிருந்து தேங்காய் எண்ணெயைப் போத்தலில் இறக்க அவள் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு நுனியைப் பீப்பாய்க்குள் விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி, எண்ணெய் வந்ததும் போத்தலில் திருப்பினாள். "இனி ஒரு சொட்டும் சிந்தாதுடி" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து ஓஸ் பீப்பாயிலேயே கிடந்தது.

சித்திரை லீவுக்குப் போனபோது அக்காவுக்கு நான்கு மாதம். எட்டு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.

"என்னடி, ஒங்க கம்பனி சாமான் இவ்வளவுதானா? விறைச்சுப் போச்சு" என்று கேலி செய்தபடி ஓஸைத் தந்தாள். வளைத்தேன். எண்ணெய்க்குள் கிடந்த பாதி சுருங்கிக் கட்டையாகியிருந்தது; படக்கென்று உடைந்தது. வெளியே கிடந்த பாதி புதுசு போலவே வளைந்தது.

டி.ஓ.பி. பிளாஸ்டிக்கோடு கெட்டியாகச் சேர்ந்துவிடுவதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் அதிகம் இறங்காது, தேங்காய் எண்ணெய் மாதிரிக் கொழுப்பைக் கண்டால் இறங்கிவிடும். சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த ஓஸ் கூடாதென்று பட்டறைச் சுவரில் சிங்களத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும், அதனால் சாக்குச் சொல்லவும் வழியில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சொன்னேன். அக்கா நம்பவில்லை.

"எண்ணெ நல்லாத்தானே இருக்கு? வாசம்கூட மாறல."

"மாறாதுக்கா. அதுதான் வில்லங்கமே."

போனில் தேடி வாசித்துக் காட்டினேன். உடனே ஆளைச் சாய்க்கும் விஷமல்ல. ஆனால் எலிகளில் வயிற்றுப் பிள்ளையின், முக்கியமாக ஆண் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுத்திருக்கிறது. பல நாடுகளில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் அதற்குக் கட்டுப்பாடு. மனிதருக்கு எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் வாசித்த எதிலும் திடமாக எழுதியிருக்கவில்லை.

பீப்பாயை மூடி வைத்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு விற்றுவிட்ட போத்தல்களைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அக்கா கதிரையில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"நீ அங்கதானே வேல செய்ற, ஒனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

பட்டறைக்குப் புதிதாக வந்த பெண்களும், அவர்களில் இருவர் வாயும் வயிறுமாக, என்னிடம் இதையேதான் கேட்டார்கள். "ஒண்ணும் ஆகாது, கையக் கழுவிட்டுச் சாப்பிடு" என்று யோசிக்காமல் சொல்லி அவர்களை வேலையில் நிறுத்தியவள் நான். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.