கோடு சாருக்கு மேல்கோடு பிடிக்காது

எட்டடி பின்னால் போய், கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் கணினித் திரையைப் பார்க்கிறார் கோடு சார். வெளியிலிருந்து யாராவது கதவைத் தள்ளினால் முதுகில் இடிக்கும். தினமும் இடிக்கிறது. "கொஞ்சம் இருங்க, இன்னும் தடிப்பா இருக்கு" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்வாரே தவிர, நகர மாட்டார்.

மருத்துவமனையின் புள்ளிவிவர அறையில் பத்து வருடமாக அவர் எனக்குப் பக்கத்து மேசை. எந்த வார்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வந்து குவியும் எண்களை வரைபடமாக்குவது எங்கள் வேலை. கையால் வரைவதில்லை. பத்து வரி புரோகிராம் எழுதிக் கொடுத்தால் கணினியே வரைந்துவிடும். எனக்கு அத்தோடு வேலை முடிந்தது. அவருக்கு அங்கேதான் தொடங்கும்.

முதலில், படத்தைச் சுற்றியிருக்கும் நான்கு கோடுகளில் மேல்கோடும் வலப்பக்கக் கோடும் போகும். "கூரை எதுக்கு? உள்ள மழையா பெய்யுது?" என்பார். அடுத்தது பின்னாலிருக்கும் கட்டங்கள். "இது என்ன, கொசுவலையா?" என்று அவற்றையும் அழிப்பார். அரை மணி கழித்து மனசு கேட்காது. படுக்கைக் கோடுகளை மட்டும் திரும்ப வரவழைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்குச் சாம்பல் நிறத்தில் வெளுக்க வைப்பார். படத்தின் ஓரத்தில் எண்களை ஒட்டி முளைக்கும் குட்டிக் கோடுகள் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும், உள்ளே பார்த்து நின்றால் "புள்ளியோட மல்லுக்கு நிக்கும்." ஒரு முறை, கோட்டின் தடிப்பு பூஜ்யம் புள்ளி எட்டு போதுமா, ஆறு வேண்டுமா என்று என்னைக் கேட்டார். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்றேன். மதியம் வரை என்னோடு பேசவில்லை.

அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு நாள் அவர் மனைவி வந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம், "ஒரு கோட்டை அழிக்க ரெண்டு நாள் எடுத்துக்கிறாரு. வீட்டுல ஒட்டடை அடிங்கன்னா மட்டும் நேரமில்லையாம்" என்றார். கோடு சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒட்டடையை யாரும் மீட்டிங்ல போட்டுக் காட்டமாட்டாங்க" என்றார்.

மீட்டிங் என்றதும் போன அக்டோபர்தான் நினைவுக்கு வருகிறது. அறுவைசிகிச்சை வார்டுக்கு, புண்ணுக்குக் கட்டுப்போட மட்டும், மே மாதம் இரண்டு நர்ஸுகளைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அவர்கள் வந்தபின் சீழ் வைப்பது குறைந்துவிட்டது என்பது தலைமை நர்ஸின் கட்சி. அவர்களை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யத்தான் கூட்டம். "உங்க படத்தைத்தான் சார் நம்பியிருக்கேன்" என்று அந்தத் தலைமை சிஸ்டர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாதாமாதம் எத்தனை பேருக்குச் சீழ் வைத்தது என்று காட்டும் அந்தப் படத்துக்குக் கோடு சாரும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். கணினி தானாக எழுதிய தேதிகள் நீளமாக, சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. "பஸ்ல தொங்குற மாதிரி இருக்கு" என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மாதப் பெயர்களைத் தானே வரிசையாக அடித்தார்.

கூட்டத்தில், சுவரில் மாட்டிய பெரிய டிவியில் படம் வந்தது. "ரொம்ப அழகா இருக்கு. பாத்ததும் புரியுது" என்றார் நிர்வாகி. கோடு சார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பத்து வருடத்தில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

நிர்வாகி மேலே பேசினார். "ஆனா ஏப்ரல்லயே குறைஞ்சிருச்சே. இவங்க மே மாசம்தானே வந்தாங்க? அப்ப இவங்களால குறையல."

சிஸ்டர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். நிர்வாகி பேனாவை எடுத்தார்.

கோடு சார் படத்தின் அடிக்கோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். மாதங்கள் ஆகஸ்டோடு நின்றிருந்தன. செப்டம்பர் எண்ணை அன்று காலையில்தான் அவரே சேர்த்திருந்தார். ஜனவரிக் கணக்கு அரைகுறையாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, பிப்ரவரியிலிருந்துதான் புள்ளி வைத்திருந்தார். பெயர்களை மட்டும் பழக்கதோஷத்தில் ஜனவரியிலிருந்து அடித்துவிட்டார். எட்டுப் புள்ளி, எட்டுப் பெயர்; கணினியும் மறுபேச்சுப் பேசாமல் ஒட்டிவிட்டது. மே மாதப் புள்ளி ஏப்ரல் என்ற பெயரோடு நின்றது. அந்த நிமிடம் அந்த அறையில் அவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

எழுந்து டிவியிடம் போனார். கையிலிருந்த ஃபைலைப் படுக்கவைத்து மாதப் பெயர்களை மறைத்தார். அவை படத்தின் அடியில் இருந்ததால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது.

"இதை யாரும் படிக்காதீங்க. பேரை நான்தான் தப்பா எழுதிட்டேன். எல்லாத்தையும் ஒரு மாசம் தள்ளிப் படிக்கணும். குறைஞ்சது மே மாசம். சிஸ்டர் சொன்னதுதான் சரி."

"சரி, திருத்திக் குடுங்க. இப்ப உக்காருங்க" என்றார் நிர்வாகி.

கோடு சார் உட்காரவில்லை. நிர்வாகி வார்டுப் பதிவேட்டை வரவழைத்து, ஒவ்வொரு மாத எண்ணாக விரல் வைத்துப் பார்த்து, இரண்டு நர்ஸுகளின் பெயருக்கும் எதிரே 'தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்வரை, அந்த மனிதர் ஃபைலைத் திரையில் அழுத்திப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.