பன்னிரண்டு மீட்டர்

“யார் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வந்த?”

“யார் பின்னாலயும் இல்ல, அங்கிள்.”

“டேய், இருபத்தஞ்சு வருஷமா சைக்கிள் ஓட்டுறேன். அந்த எதிர்க்காத்துல இந்த வேகம் போகணும்னா உன் காலு செத்திருக்கணும். ஆனா உன் வாட்ச் என்ன சொல்லுது? காலு சும்மா சுத்திக்கிட்டிருக்கு. யாரோ முன்னால காத்த வெட்டிக் குடுத்திருக்கான். நீ பின்னால சொகமா வந்திருக்க.”

கேட்டவர் கிரிகரி அங்கிள், எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவின் தலைவர். போட்டி முடிந்த மறுநாள், பிரிக்ஃபீல்ட்ஸில் ‘மாமாக்’ என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீக்குப் பக்கத்தில் என் மெடல் கிடந்தது. அக்கா நடாலிதான் அதைக் கழுத்திலிருந்து கழற்றவிடாமல் அதுவரை இழுத்து வந்திருந்தாள்.

“போட்டியில எடுத்த படத்துல இவன் மட்டும்தானே இருக்கான், அங்கிள்?” அக்கா போனை நீட்டினாள். “திருடனுக்குக் கூட்டாளி வேணாமா லா?”

கிரிகரி அங்கிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அதான் எனக்கும் புரியல.”

எனக்கு மட்டும் புரிந்தது. இனி சொல்வது கற்பனை என்று நினைப்பவர்கள் என்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஏமாற்றுக்காரன் என்பதைவிடப் பொய்யன் என்பது எவ்வளவோ மேல். ஆனால் நான் பொய்யன் இல்லை.

சென்ற மாதம் டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் நடந்த நெடுந்தூர டிரையத்லன் அது. ஏரியில் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான். எல்லாம் ஒரே நாளில். சைக்கிளை மாலை நாலரைக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவர்களை வேனில் ஏற்றிவிடுவார்கள்.

போன வருடம் என்னை ஏற்றினார்கள்.

எங்கள் கிள்ளான் மெதடிஸ்ட் சபையிலிருந்து பதினெட்டுப் பேர் என்னை உற்சாகப்படுத்த வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அம்மா டீசட்டை அடித்திருந்தார்: ‘ஓடு ஜோனத்தன்!’ அந்தச் சட்டைகளுக்கு முன்னால்தான் நான் வேனிலிருந்து இறங்கினேன். ஓர் ஆன்டி பிரியாணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் அதைத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன்.

இந்த வருடமும் அதே சட்டைகள். அம்மா துவைத்து வைத்திருந்தார்.

நூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தமுறையும் வேன்தான்.

இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். நேரான சாலை. சற்றுமுன் பெய்த மழையில் தார் பளபளத்தது. எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எனக்கு முன்னால் அரைக் கிலோமீட்டருக்கு யாரும் இல்லை.

குனிந்து தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்தேன்.

முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார்.

நீலச் சட்டை. ஒல்லியான முதுகு. என்னைக் கடந்து போனதாக நினைவில்லை. வழியில் ஏதோ சந்திலிருந்து வந்திருப்பார் என்று நினைத்தேன். அந்தச் சாலையில் சந்தே கிடையாது.

முன்னால் போகும் சைக்கிளிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். அதுதான் விதி. நெருங்கிப் போனால் அவர் காற்றை உடைப்பார், நமக்குப் பாதி உழைப்பு மிச்சம். அது திருட்டு.

எனக்கு அந்தச் சட்டைகள் ஞாபகம் வந்தன. பிரியாணிப் பொட்டலம் ஞாபகம் வந்தது.

நெருங்கிப் போனேன். பத்து மீட்டர். ஐந்து. ஒரு முழம்.

காற்று நின்றது.

அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. கதவைச் சாத்தியது போல இருந்தது. வேகம் தானாக ஏறியது. வெட்கமாக இருந்தது, ஆனால் கால்கள் வெட்கப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. போட்டி நடுவர். செத்தேன் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, என்னைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

“சூப்பர் பாஸ்! இந்தக் காத்துல தனியாவே இழுக்குறீங்க!”

குத்திக் காட்டுகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போய்விட்டார்.

அப்போதுதான் மற்றவற்றைக் கவனித்தேன். நீலச் சட்டையின் இடுப்பில் போட்டி எண் இல்லை.

சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் போகும் சைக்கிளின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின்னால் வருபவன் முகத்தில்தான் அடிக்கும். என் முகத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

சைக்கிள் சங்கிலிக்கு ஒரு சத்தம் உண்டு. கிர்ர்ர்… என்று. ஒரே ஒரு சங்கிலிதான் கேட்டது.

என்னுடையது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே சீறிக்கொண்டு வந்தது. அதன் காற்றில் நான் தள்ளாடினேன். அந்த நீலச் சட்டை அசையவில்லை. ஒரு மடிப்புகூட…

அவருடைய வலது முழங்கை ஆடியது. இரண்டு முறை. சற்று நிறுத்தி, மூன்றாவது முறை.

சைக்கிள்காரர்களுக்கு அது தெரியும். ‘எனக்குக் களைப்பாயிருக்கு, நீ முன்னால் வந்து காற்றைத் தாங்கு’ என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் நாங்கள் அப்படித்தான் முறை மாற்றிக்கொள்வோம். முறை வரும்போது முன்னால் போகாதவனுக்கு எங்கள் குழுவில் பெயர் ‘அட்டை’. ஆனால் போட்டியில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மறுபடியும் ஆடியது. இரண்டு. பிறகு ஒன்று.

நான் தரையைப் பார்த்தேன்.

மறுபடியும்.

மறுபடியும்…

எத்தனை முறை என்று தெரியவில்லை. பயம் ஒரு பக்கம். ஆனால் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதுதான் கேவலம். அது என்ன என்று பாதி புரிந்த பிறகும் ஒட்டிக்கொண்டுதான் வந்தேன்.

வாட்சில் மணி 3:52.

அப்போது அவர் பேசினார். திரும்பவில்லை. மூச்சு வாங்கியது.

“தம்பி… கொஞ்சம் முன்னால வாங்களேன்…”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது தோட்டம் முடிந்திருந்தது. முன்னால் யாருமில்லை. காற்று சுவர்போல் வந்து மோதியது.

ஒன்பது நிமிடம் மீதியிருக்க சைக்கிளை முடித்தேன். மாரத்தானும் ஓடினேன், பாதி நடந்தேன். இறுதிக்கோட்டில் பதினெட்டுச் சட்டைகளும் கத்தின. அம்மா அழுதார். பாதிரியார் மைக்கைப் பிடுங்கி “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!” என்றார். கழுத்தில் மெடல் ஏறியபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லா வீடியோவிலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மாமாக் கடையில் சொல்லி முடித்தேன்.

நடாலி சிரிக்கப் பார்த்தாள். “வெயில் தலைக்கேறிடுச்சு லா இவனுக்கு. திருடுனதை ஒத்துக்கடான்னா பேய் மேல பழி போடுறான்.”

கிரிகரி அங்கிள் சிரிக்கவில்லை. மறுபடியும் அந்தப் படத்தை எடுத்தார். வெறும் சாலை. நான் மட்டும். கழுத்தைக் குறுக்கி, முன்னால் ஒரு முழத் தூரத்தில் எதையோ உற்றுப் பார்த்தபடி.

“முழங்கைய எப்படி ஆட்டுனான்?”

ஆட்டிக் காட்டினேன். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்சம் சிந்தியது.

“குமரப்பன்,” என்றார். “நீ நம்ம குழுவுக்கு வர்றதுக்கு முன்னால. கிள்ளான்ல துணிக்கடை வச்சிருந்தாரு. அவரு மட்டும்தான் அப்படி ஆட்டுவாரு.”

“இப்ப எங்க அங்கிள்?”

“அதே ரோடு. அதே மாதிரி காத்து. ஒம்பது பேரு நாங்க பின்னால. ஒரு மணி நேரம் அவரே இழுத்தாரு. கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு.” அவர் குரல் தாழ்ந்தது. “யாருக்கும் தெரியாம இல்ல. ஒவ்வொருத்தனும் அடுத்தவன் போகட்டும்னு இருந்தோம். கடைசில வாய விட்டே கேட்டாரு. அப்புறம் அப்படியே சாஞ்சுட்டாரு. ஹார்ட்.”

“கேட்டாரா? என்ன கேட்டாரு?” என்றாள் நடாலி.

“நான்தான்மா அவருக்கு நேர் பின்னால இருந்தேன்,” என்றார் கிரிகரி அங்கிள். காசை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரவில்லை.

நானும் போகவில்லை.

இப்போதெல்லாம் வீட்டு ஹாலில்தான் ஓட்டுகிறேன். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, எதிரே பெரிய மின்சாரக் காற்றாடியை வைத்து, இருந்த இடத்திலேயே மிதிப்பேன். மெடலை அம்மா தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அங்கே போவதையும் குறைத்துவிட்டேன்.

இன்று மாலை 6:10. வெளியே நல்ல வெளிச்சம். கீழே ரோட்டில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிதித்துக்கொண்டிருந்தேன்.

முகத்தில் காற்று நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நிமிர்ந்தேன். காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமும் கேட்டது. ஓரத்தில் திரைச்சீலை பறந்தது.

என் மேல் மட்டும் காற்று படவில்லை.

எனக்கும் காற்றாடிக்கும் நடுவே… ஒரு முழத் தூரத்தில்…

மூச்சு வாங்கும் சத்தம்.

“தம்பி… கொஞ்சம் முன்னால வாங்களேன்…”