முன்னணைக்கு ஒரு பிள்ளை

ஏரோது ராஜாவாக நடிக்க எங்கள் சபையில் ஆள் கிடைக்காது. யோசேப்பு வேஷத்துக்குப் போட்டி இருக்கும். கிழக்கேயிருந்து வரும் சாஸ்திரிகளில் ஒருவராக வேண்டும் என்று பெரிய மனிதர்களே சபைப் பாதிரியான ஐயரிடம் சிபாரிசுக்குப் போவார்கள். ஆனால் பெத்லகேமின் பச்சைப் பிள்ளைகளை எல்லாம் கொல்லச் சொன்ன பாவியாக மேடையேறிவிட்டு, மறுநாள் அதே கோயிலில் வந்து முழங்கால்படியிட யாருக்கு மனசு வரும்? அதனால் வருஷா வருஷம் அந்த வேஷம் ரேஷன் கடையில் எடை போடும் அண்ணாச்சிக்குத்தான். அவர் எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. சங்கரன்கோவிலில் அவ்வளவு பெரிய மீசை வேறு யாருக்கும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. கிறிஸ்மஸ் சமயத்தில் அண்ணாச்சி சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். சட்டையைக் கழற்றி ராஜ உடுப்பை மாட்டினாலும் மாலையைக் கழற்ற முடியாது. செருப்புப் போட மாட்டார். அவருடைய சேவகர்களாக வரும் பெரிய பையன்கள் பழக்க தோஷத்தில் அவரை "ராஜாவே" என்பதற்குப் பதிலாக "சாமி" என்று கூப்பிட்டுவிடுவார்கள். மேடை ஏறும் முன் சரணம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். பிள்ளைகளைக் கொல்லுங்கள் என்ற உத்தரவை, ஆளுக்கு இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்று என்று சொல்வதைப் போல அவ்வளவு சாந்தமாகச் சொல்வார். சொல்லி முடித்து உள்ளே போனதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நாடகத்தை நடத்துவது என் சித்தப்பா. தாலுகா ஆபீஸில் கிளார்க். பதினொரு மாதம் பைலுக்குள் தலையை நுழைத்திருந்துவிட்டு டிசம்பரில் மட்டும் வேறு மனிதராகிவிடுவார். கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேடை. பின்னால் தொங்கும் திரை நெசவாளர் தெரு மன்றத்துக்காரர்கள் இரவல் கொடுத்தது. பொங்கலுக்கு அவர்கள் போடும் நாடகத்துக்கு எங்கள் பெஞ்சும் மைக் செட்டும் போகும். அவர்களிடம் இருந்தது அரண்மனைத் திரை ஒன்றுதான். ஆகவே எங்கள் ஊரில் ஏசு பிறந்த மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு மயில்களும் ஒரு பளிங்கு மாடிப்படியும் உண்டு. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கேரல் பாட்டில் தொடங்கி பொங்கல் நாடகம் முடியும் வரை ஒரு மாதம் ஊரே ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் போய்க்கொண்டிருக்கும். சுக்குக் காப்பித் தூக்குக்காரரும் வறுகடலைக்காரரும் கூடவே வருவார்கள். எங்கள் குளிரைக் குளிர் என்று சொன்னால் மலையடிவாரத்துச் சிவகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தும் நாங்கள் காதுக்குத் துண்டு கட்டிக்கொள்வோம். இப்போது நான் இருக்கும் பெரிய நகரத்தில் டிசம்பருக்குக் குளிரூட்டிய அரங்குகள் இருக்கின்றன, டிக்கெட்டில் நாற்காலி எண் இருக்கிறது. எனக்கு அந்தப் பெஞ்சு மேடைதான் வேண்டியிருக்கிறது. என்ன செய்தும் அந்த ஏக்கம் தீரவில்லை.

எங்கள் நாடகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னணையில், அதாவது மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டியில், பொம்மையைக் கிடத்த மாட்டார்கள். சபையில் அந்த வருஷம் கடைசியாகப் பிறந்த பிள்ளை எதுவோ அதைத்தான் கிடத்துவார்கள். ஆணோ பெண்ணோ, அன்றைக்கு அதுதான் பாலன். பிள்ளை அழுதால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு உண்டு. முன்னணைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வைக்கோலைக் குவித்து, அதன் மறைவில் பிள்ளையைப் பெற்றவள் உட்கார்ந்திருப்பாள். கையை நீட்டித் தட்டிக் கொடுப்பாள். பாலனுடைய அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களுக்கு ஒத்திகை இல்லாமலே தேவதூதர் வேஷம். வெள்ளிக் காகிதச் சிறகு கட்டிக்கொண்டு முன்னணைக்குப் பக்கத்திலேயே நிற்கலாம்.

நான் மூன்று வருஷமாக ஆட்டுக்குட்டியாக இருந்தேன். முதுகில் பஞ்சு ஒட்டிய சாக்கைப் போட்டுக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து வந்து, மேய்ப்பன் கும்பிடும்போது தலையைத் தாழ்த்த வேண்டும். எனக்கு வசனம் கிடையாது. கத்தவும் கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு.

ஆகவே நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் முதலில் போட்டது நாள் கணக்குத்தான். டிசம்பர் முதல் வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கம்பவுண்டர் வீட்டு அக்காவுக்கு நவம்பர் கடைசியிலேயே பையன் பிறந்துவிட்டான். எங்களுடையது அதற்குப் பின்னால் வருவது. வேறு யாரும் போட்டியில் இல்லை. வரப்போவது தம்பி என்றும் நானே முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சிறகைப் பற்றிச் சொல்லியாயிற்று.

அம்மாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். தம்பிதான் பிறந்தான். அங்கிருந்து வந்த அப்பாவிடம் அவனை எப்போது கூட்டிவருவீர்கள் என்று கேட்டேன்.

"எடை கம்மியா இருக்கான் மக்கா. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காவ" என்றார் அப்பா.

எனக்கு அது கௌரவமாகத்தான் பட்டது. ஊரில் யார் வீட்டுப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்? ஒரு வாரம் கழித்து அம்மா மட்டும் வந்தாள். தம்பியை எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே, எடை ஏறிக்கொண்டிருக்கிறான். பாளையங்கோட்டை மாமா ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவரும், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அம்மா உள்அறையை விட்டு வெளியே வரவில்லை. சபைப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். வாத்தியாரான அப்பா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இலையில் மல்லிகைப்பூப் பொதிந்து வாங்கி வந்தார். பனிக்காலத்தில் மல்லிகைப்பூ கிடைப்பது எவ்வளவு கஷ்டம். வீடெல்லாம் மணத்தது. ஆனால் அம்மாவின் தலையில் நான் ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லை. பால் கட்டி வலிப்பவளுக்கு, பால் வற்ற, மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள் என்பது எனக்குக் கல்யாணமாகும் வயதில்தான் தெரிந்தது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பூவில் எனக்கு ஒரு முழம் தரக் கூடாதா?

ஒத்திகை தொடங்கியதும் சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, தம்பி நாடகத்துக்குள்ள வந்துருவான். கம்பவுண்டர் வீட்டுப் பிள்ளையப் போட்டுராதீங்க."

சித்தப்பா முன்னணைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடித்த ஆணியையே இன்னும் இரண்டு அடி அடித்தார்.

"வரட்டும் மக்கா. பாப்போம்" என்றார். "ஆனா இந்த வருசமும் நீ ஆட்டுக்குட்டியா ஒத்திகைக்கு வந்துரு, என்ன?"

இன்னொரு மாற்றமும் அந்த வருஷம் நடந்தது. ஏரோது பிள்ளைகளைக் கொல்லச் சொல்லும் சீனே இல்லை. சாஸ்திரிகள் வந்து விசாரிப்பார்கள், ஏரோது மீசையைத் தடவுவார், அத்தோடு சரி. எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். சேவகர்கள் அட்டைக் கத்தியை எடுத்து ஓடுவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். நான் அண்ணாச்சியிடமே கேட்டேன்.

"மாலை போட்டுக்கிட்டு அதெல்லாம் பேசப்படாதுல்லா" என்றார் அவர்.

எல்லா வருஷமும் மாலை போட்டுக்கொண்டுதானே பேசினார் என்பது எனக்கு உறைக்கவில்லை. உண்மையில் அந்த வசனத்தை எடுக்கச் சொன்னது அவர்தான். "வாத்தியார் வீட்டம்மா வரமாட்டாவதான். ஒருவேளை வந்துட்டா? என் வாயால அதச் சொல்ல மாட்டேன் வே" என்று ரேஷன் கடையில் வைத்துச் சித்தப்பாவிடம் சொன்னாராம். பல வருஷம் கழித்துச் சித்தப்பா எனக்குச் சொன்னார். எங்கள் சபையார் எத்தனையோ பேர் ஒத்திகை பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நாடகத்தன்று சாயங்காலம் வரை மாமா வரவில்லை. ஆறு மணி பஸ்ஸில் வருவார் என்று நான் அசையாமல் நம்பினேன். ஆனால் தம்பி வந்து இறங்கும்போது அம்மா வீட்டில் படுத்துக் கிடந்தால் வைக்கோலுக்குப் பின்னால் யார் உட்காருவது? உள்அறைக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ வாரியா இல்லையா? அது நம்ம எடம். நீ இல்லன்னா கம்பவுண்டர் வீட்டக்கா உக்காந்துக்கிடுவா."

அப்பா என்னை அதட்டினார். நான் தரையில் விழுந்து அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, தலை சீவி, வேறு சேலை உடுத்தினாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாசல்படி இறங்கினாள்.

மைதானத்தில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் அதைக் கவனிக்காமல் அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனேன். வைக்கோலுக்குப் பின்னால் கம்பவுண்டர் வீட்டு அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்திருக்கப் போனாள். அம்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எனக்குத் திருப்தி. இடம் பிடித்தாயிற்று.

திரை விலகியது. முன்னணையில் கம்பவுண்டர் வீட்டுப் பையன் கிடந்தான். நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்தபடி பஸ் வரும் ரோட்டையே பார்த்தேன். மேய்ப்பர்கள் கும்பிட்டு முடிக்கும் நேரத்தில் பையன் அழ ஆரம்பித்தான். சும்மா சிணுங்கல் இல்லை, வீறிட்ட அழுகை. பின்னாலிருந்து ஒரு கை வந்து தட்டியது, நிற்கவில்லை. மரியாளாக நடித்த பத்தாம் வகுப்பு அக்கா தாலாட்டிப் பார்த்தாள். யோசேப்பு வசனத்தை மறந்து நின்றார். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. "பிள்ளைக்குப் பசிக்கி, எடுங்கம்மா" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

கம்பவுண்டர் வீட்டு அக்காவுக்குப் பால் ஊறவில்லை. பையனுக்குப் புட்டிப் பால்தான். புறப்பட்ட அவசரத்தில் புட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. அது சபைக்கெல்லாம் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியாது.

வைக்கோலுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து பையனைத் தூக்கிக்கொண்டன. அம்மாவின் வளையல் எனக்குத் தெரியாதா? சித்தப்பா சட்டென்று பாடகர் குழுவுக்குக் கை காட்டினார். பாட்டு எழும்பியது. அழுகை நின்றுவிட்டது.

மேடையிலிருந்த ஆட்டுக்குட்டிகளில் ஓரமாக இருந்தவள் நான். அங்கிருந்து பார்த்தால் வைக்கோலுக்குப் பின்னால் தெரியும். கம்பவுண்டர் வீட்டு அக்கா ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்து மறைத்துப் பிடித்திருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. போர்வைக்குள் அம்மா பின்திரையைப் பார்க்கத் திரும்பி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. சாஸ்திரிகள் மூவரும் வந்து பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் வெறும் வைக்கோலுக்குக் கொடுத்து விழுந்து வணங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதைப் போல நாடகம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை என்று ஊரில் ரொம்ப நாள் பேசினார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தம்பிக்காகப் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாளே. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்தேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. காலில் பலம் வந்தவள் போல நடந்தாள். அப்பா வாங்கி வைத்திருந்த மல்லிகைப்பூப் பொட்டலம் அன்றைக்குப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

மறுநாளிலிருந்து கம்பவுண்டர் வீட்டு அக்கா காலையும் சாயங்காலமும் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். அம்மா வாங்கிக்கொள்வாள். அக்கா அடுக்களையில் எங்களுக்குக் காப்பி போடுவாள். கிறிஸ்மஸ் போயிற்று, பொங்கல் நாடகமும் போயிற்று. பையன் கொழுகொழுவென்று ஆனான். நான் அவனை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

தம்பி இல்லை என்று யாரும் என்னை உட்கார வைத்துச் சொன்னதில்லை. எந்த நாளில் எனக்குத் தெரிந்தது என்றும் ஞாபகமில்லை. அம்மா இப்போது இல்லை. இருந்தபோதும் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியது அந்தத் தை மாதத்தில் ஒரே ஒரு தடவை. பையன் மடியில் கிடக்க, நான் கதவோரம் நின்று, பல நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"எல்லாத்தையும் இவனுக்கே குடுத்துட்டா, தம்பி வரும்போது என்ன செய்வ?"

அம்மா பையனின் தலையைத் தடவினாள்.

"அவனுக்கு எடுத்து வச்சிருக்கேன் மக்கா" என்றாள்.

எனக்கு மனசு ஆறிவிட்டது. தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நான் விளையாடப் போனேன்.