கலெக்டர் கடிக்காத செடி

ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி விழுந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாமாவின் ஆட்டுக் கொட்டகை வாசல் அது. பள்ளிச் சீருடை பாழ், முழங்கை சிராய்ப்பு. உள்ளங்கையில் அப்பியிருந்ததை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது எருதானே!" என்று கத்தினேன். விழுந்த பிள்ளை அழாமல் இப்படிக் கத்தியதில், தலையில் அடிபட்டுவிட்டதோ என்று மாமா பயந்துபோனார்.

இரண்டு வாரமாக எருவுக்குத்தான் அலைந்துகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் பசுமைப் படை. மொத்தம் பதினோரு பேர். தலைவி என் பெரியப்பா மகள். அந்த வருசம்தான் அக்கா கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியை எங்கள் ஊருக்குள் முதலில் கொண்டுவந்தவள் அவள்தான். கூடவே விதைப்பந்து என்று ஒன்றையும் கொண்டுவந்தாள். களிமண்ணும் எருவும் பிசைந்து, நடுவில் விதையை வைத்து உருட்டிக் காயவைத்து வீசினால் போதும், மழை பெய்ததும் தானாக முளைக்கும், குழி தோண்ட வேண்டாம். குழி தோண்ட வேண்டாம் என்றதும் படையில் ஆள் கூடியது. ஏழாம் வகுப்பு படித்த நான் துணைத்தலைவி. கடைசி ஆள் ஒன்றாம் வகுப்பு; பிஸ்கட்டுக்காகச் சேர்ந்தவன்.

களிமண் கண்மாயில் கிடந்தது. வேம்பு, புங்கம், வாகை விதைகளைப் பொறுக்கியாகிவிட்டது. எருதான் இல்லை. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குள் பால் அப்போதே பாக்கெட்டில் வர ஆரம்பித்திருந்தது. பால் பாக்கெட்டில் வரும், சாணி எதில் வரும்?

மாமாவிடம் இருபது வெள்ளாடுகள் இருந்தன. முன்னால் போகிற பெரிய கிடாவுக்குக் கலெக்டர் என்று பெயர். அது வந்து நின்றால் மற்ற எல்லாம் எழுந்து நிற்கும் என்பதால் வைத்த பெயர். அந்தக் கோடையில் கலெக்டரும் பரிவாரமும் நன்றாகக் கொழுத்திருந்தன. ரோட்டோரச் சீமைக் கருவேல மரங்களில் காய் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து உதிர, மாமா தொரட்டியால் உலுக்கிவிட, நாள் முழுக்க அதுதான் தீனி.

"புழுக்கையைத் தாங்க மாமா, நாட்டுக்கு நல்லது" என்றேன்.

"நாட்டுக்கா? எம்புட்டு வேணும் மருமகளே?"

"அம்புட்டும்."

மறுநாள் இரண்டு சாக்கு நிறைய வந்து இறங்கியது. இடித்து, சலித்து, பூப்போலக் கொடுத்திருந்தார். அந்தச் சாக்குக்குள் கொஞ்சம் பெரிய மனிதத்தனத்தோடு குனிந்து பார்த்திருந்தால், எருவோடு கலந்து கிடந்த பழுப்பு நிறப் பொட்டுகள் என்னவென்று தெரிந்திருக்கும். எங்கள் பார்வை முழுக்க அப்போது உலகத்தின் மேல் இருந்தது.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வாரம் பந்து உருட்டினோம். அம்மா ஏறி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். அவள் நடை அப்போது கொஞ்சம் நொண்டலாக இருக்கும். முந்தின வருசம் ஊரே சேர்ந்து கண்மாயிலிருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கியது. பெரிய மரங்களை ஜேசிபி சாய்க்க, மிச்சத்தை நூறு நாள் வேலைக்காரர்கள் கையால் எடுத்தார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. அப்போது குதிகாலில் ஏறி ஒடிந்த முள் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. கரை மொட்டையாகிவிட்டது, உட்கார நிழல் கிடையாது. அந்தக் கரைக்கு நிழல் கொடுப்பதுதான் படையின் முதல் திட்டம். அம்மாவுக்கென்று ஒரு வாகை மரத்தை மனதுக்குள் நான் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் அக்கா எழுந்து திட்டத்தைச் சொன்னாள். ஊராட்சித் தலைவர் கேட்டுக்கொண்டார். பின்வரிசையிலிருந்து யாரோ, "மரம் வைக்கிறது இருக்கட்டும், ஆடு விடுமா?" என்றதும் கூட்டம் முழுக்க மாமா பக்கம் திரும்பியது. ஊரில் ஆடு என்றால் மாமாதான்.

"என் ஆடு ஒழுக்கமான ஆடு" என்றார் மாமா.

சிரிப்பு அடங்கியபின் தலைவர் முடிவு சொன்னார். கரை பிள்ளைகள் பொறுப்பு. தை மாதம் வரைக்கும் பார்ப்போம். கன்றுகளில் ஆடு வாய்வைத்தால் அதோடு கண்மாய்ப் பக்கம் ஆடு வரக்கூடாது. மாமா முகம் சுருங்கிவிட்டது. கண்மாய் இல்லாவிட்டால் அந்த இருபதையும் எங்கே கொண்டுபோய் மேய்ப்பார்? சுற்றிலும் பிளாட் போட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் கைதட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அதுவரை பந்துகளை மாடி வெயிலில் இரண்டு மாதத்துக்கு மேல் போட்டு, கல்லாகக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்தோம். கரைமேல் வரிசையாக நின்று அக்கா விசில் அடிக்க வீசினோம். ஒன்றாம் வகுப்புக்காரன் வீசியது அக்கா முதுகில் விழுந்தது.

எட்டாம் நாள் முளைவிட்டது. கரை நெடுக, சொன்னபடி, வரிசையாக! சின்னச் சின்ன இலைகளைச் சீப்புப் பல்லாக அடுக்கிவைத்தது போல அவ்வளவு அழகு.

"வாகை" என்றாள் அக்கா.

"எல்லாமுமா?"

"வாகைதான்டி பிழைக்கும். தாக்குப்பிடிக்கிற ரகம்."

வேம்பும் புங்கமும் ஏன் ஒன்றுகூட வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வராத பிள்ளைகளைப் பற்றி வகுப்பில் யார் கவலைப்படுகிறார்கள்? அக்கா அன்றைக்கே படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். மழை விட்ட பிறகு தினமும் காலையில் பள்ளிக்கு முன்னால் பதினோரு பேரும் குடம் சுமந்தோம். கண்மாயில் இறங்கி மொண்டு, கரை ஏறி ஊற்றி, மறுபடி இறங்கி.

அதைவிடப் பெரிய அதிசயம் ஆடுகள். மாமா ஓட்டிக்கொண்டு வரும்போது நாங்கள் கையைக் கோர்த்துச் செடிகளை மறைத்து நிற்போம். ஒருநாள் கலெக்டர் எங்களைச் சட்டை செய்யாமல் நேராக வந்தது. குனிந்து ஒரு கன்றை மோந்து பார்த்தது. கோர்த்த கையை இன்னும் இறுக்கினோம். கலெக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த புல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்த பத்தொன்பதும் அப்படியே.

"பார்த்தீங்களா?" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கிராமசபையில சொன்னப்ப சிரிச்சாங்கள்ல. போய்ச் சொல்லுங்க."

சொன்னோம். டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னோம். ஊரில் மாமா ஆடுகளுக்கு அப்படி ஒரு மரியாதை வந்தது. பிள்ளைகள் வைத்த செடியின் அருமை ஆட்டுக்குக்கூடத் தெரிகிறது என்று நான் பள்ளியில் ஒரு கட்டுரையே எழுதி மார்க் வாங்கினேன்.

மார்கழி கடைசியில் அம்மாவைக் கரைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நிழலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவளுக்கென்று ஒதுக்கிய கன்றின் முன்னால் நிறுத்தி, "இது உனக்கும்மா" என்றேன்.

அம்மா குனிந்தாள். இலையைத் தடவினாள். தண்டைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று நொண்டிக்கொண்டே போனாள். பிறகு திரும்பி வந்து கேட்டாள்.

"வாகைக்கு ஏதுடி முள்ளு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். இலைக்கணுவில் இளசாக, ஊசிபோல, இரண்டிரண்டாக.

"இதைத்தானடி போன வருசம் பிடுங்கினோம்" என்றவள் காலை நீட்டிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கொடத்துல தண்ணி ஊத்தி வளர்த்திருக்காளுகளே! கருவேலத்துக்கு!" அவள் எதற்கு அப்படிச் சிரித்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

பிடுங்க நான்கு நாள் ஆனது. செடி ஒரு சாண், வேர் ஒரு முழம். பிடுங்கி முடித்துக் கைகழுவும்போது அக்கா சொன்னாள். "ஜனவரி இருபத்தாறு கூட்டத்துல கேப்பாங்க. ஆடு தின்னுருச்சுன்னு சொல்லிருவோம்."

எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. உண்மையில் நல்ல யோசனைதான். கரை மறுபடி மொட்டை. ஆடு தின்றது என்றால் யார் நம்பமாட்டார்கள்? எனக்கும் சம்மதம்தான். ஆனால் அன்று சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனபோது, மாமா கலெக்டர் கழுத்தைச் சொறிந்தபடி அதனிடம், "நம்ம பேரைக் காப்பாத்திட்டடா மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அவர் முகம் சுருங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் கலெக்டருக்குக் கண்மாய் கிடையாது.

கூட்டத்தில் தலைவர் கேட்டார், "என்ன பிள்ளைகளா, கரை காலியாக் கெடக்கு?" அக்கா எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து கத்திவிட்டேன்.

"ஆடு திங்கலை! ஆடு தொடவே இல்லை! நாங்கதான் கருவேலத்தை வச்சிட்டோம்! பிடுங்கிட்டோம்!"

கருவேலம் எப்படி வந்தது என்று விசாரணை நடந்தது. புழுக்கை என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "காயைத் தின்னுட்டுப் போட்ட புழுக்கையில வேற என்னண்ணே முளைக்கும், கத்திரிக்காயா?" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. மாமா எழுந்து, "குத்தம் எல்லாம் என் ஆட்டுப் புழுக்கை மேலயா?" என்று சண்டைக்கு வந்தார். செயலாளர் பேனாவோடு திண்டாடினார். "தலைவரே, தீர்மானத்துல என்னன்னு எழுத?"

"வச்சவங்களே பிடுங்கிட்டாங்கன்னு எழுதுங்க" என்றார் தலைவர். "கரை பிள்ளைக பொறுப்புலயே இருக்கட்டும். ஆடும் போகட்டும். ஆனா ஒரு கருவேலங்கன்னு அங்க நிக்கக்கூடாது."

அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். அன்றிலிருந்து எங்கள் பசுமைப் படையின் முழுநேர வேலை செடி பிடுங்குவதாக ஆனது. மழைக்கு மழை எங்கிருந்தோ முளைக்கும், பிடுங்குவோம். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். நான் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். சீமைக் கருவேலக் காயை விரும்பித் தின்னும் ஆடு அதன் இலையைத் தொடாது என்பதையும், விதை ஆட்டு வயிற்றுக்குள் போய்வந்தால் இன்னும் சுலபமாக முளைக்கும் என்பதையும், வேப்பவிதை வெயிலில் அத்தனை நாள் கிடந்தால் செத்துவிடும், ஊறவைக்காத வாகை விதை லேசில் முளைக்காது என்பதையும் பாடமாகப் படித்த அன்று வகுப்பில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன். அம்மாவின் சிரிப்பு எனக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

போன மாதம் மாமாவோடு கரையில் நடந்துகொண்டிருந்தேன். பத்தடி முன்னால், மண்ணை விட்டு இரண்டே இலை எழும்பிய ஒன்றைக் கண்ணாடிகூடப் போடாமல் காட்டினார். "அந்தா ஒண்ணு. பிடுங்கு."

பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு அப்படியே நின்றுவிட்டேன். ரெண்டு இலையில் அடையாளம் தெரிகிற மனுசன், அந்த மார்கழி முழுக்கத் தினமும் அந்த வழியாகத்தானே ஆடு ஓட்டிப் போனார்?

"மாமா, அப்பவே தெரியுமா?"

மாமா ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "பதினோரு பிள்ளைக வரிசையாக் கொடத்தைத் தூக்கிட்டு வந்தீங்க. அதுல அந்தப் பொடியன் சொம்புல கொண்டுவாரான். எப்படிச் சொல்ல?" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுவும்போக, எம் ஆட்டுக்கு அம்புட்டு நல்ல பேரு அதுக்கு முன்னாடி கெடைச்சதே இல்ல மருமகளே."

இப்போது படைக்குத் தலைவி ஒரு ஆறாம் வகுப்புக்காரி. என்னைவிட வேகம், என்னைவிட வாய். இந்த வருசம் கரை நெடுகப் பனங்கொட்டை ஊன்றுவதென்று முடிவு. ஒவ்வொரு கொட்டைக்கும் குழி தோண்ட வேண்டும் என்று சொன்ன பிறகும் எட்டுப் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். மூன்று சாக்குக் கொட்டை சேர்த்தாகிவிட்டது.

"எரு போட வேணாமாக்கா? உங்க மாமாகிட்ட புழுக்கை இருக்காம்ல" என்றாள் தலைவி நேற்று.

"வேண்டாம்!" என்று நான் கத்திய கத்தலில் கலெக்டரின் பேரன் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து பார்த்தது.

ஐப்பசியின் முதல் மழைக்கு ஊன்றப்போகிறோம். பனை வெளியே தலைகாட்ட மாதங்கள் ஆகுமாம், காத்திருக்கலாம். கரையில் எது முளைத்தாலும் முதலில் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போகிறேன். அதுவரை குடம் யார் கையிலும் கிடையாது.