மணிக்கட்டில் கட்டிய சைக்கிள் டியூப்

மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் எனக்கு வலது மணிக்கட்டில் தீராத வலி. அறுவை சிகிச்சை வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் கைப்பயிற்சியும் போதும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று கையை மடக்கி நீட்டினேன்.

"என்னா, சினிமால ஆடப் போறியா?" என்றார் எங்களை மேய்க்கும் மண்டோர். எல்லோரும் சிரித்தார்கள்.

வெட்கத்தில் பயிற்சியை விட்டுவிட்டு, சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டிச் சட்டைக் கைக்குள் மறைத்தேன். மூன்று நாள் அவிழ்க்கவில்லை. விரல்கள் நீலமாகி மரத்துப்போய், கத்தி நழுவிக் காலைக் கிழித்தது.

ஓடி வந்த மண்டோர் மரப்பட்டையைத் தடவினார். "காலு ஆறிடும் லா. மரத்துல காயம் பட்டுச்சா, அதைப் பாரு."

தோட்டத்து மருந்தகத்தில் டியூபை வெட்டி எடுத்த டிரசர், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விரலே போயிருக்கும்மா" என்றார்.

இப்போது தினமும் மண்டோர் முன்னாலேயே பயிற்சி செய்கிறேன். இன்னும் சிரிக்கிறார்கள். கத்தி நழுவுவதில்லை.