நோட்டீசில் பிரசிடெண்ட் என்று போட்டது நான்

நோட்டீசில் 'பிரசிடெண்ட்' என்று போட்டது என் யோசனை. சென்னையிலிருந்து வந்த வாசகத்தில் 'அமெரிக்க அதிபர் படுகொலை' என்றுதான் இருந்தது. எங்கள் பக்கம் அதிபர் என்றால் அரிசி ஆலை அதிபர், இல்லாவிட்டால் பஸ் அதிபர். யாருக்கும் புரியாது என்று அடித்துப் பேசினேன். அப்போது நான் சென்னையில் உள்ள ஒரு வரலாற்று அருங்காட்சியகத்தில் நிகழ்ச்சி அமைப்பாளராக இருந்தேன். அங்கே நடத்தும் கண்காட்சிகளை ஊர் ஊராகக் கொண்டுபோவது என் வேலை. சொந்த ஊரான கள்ளக்குறிச்சிக்கே கொண்டுவரப்போகிறோம் என்றதும் தலைகால் புரியவில்லை எனக்கு.

திறந்த காரில் மனைவியோடு போகும்போது சுட்டுக் கொல்லப்பட்ட அந்த அதிபரைப் பற்றிய கண்காட்சி. படங்கள் ஒட்டிய தட்டிகள், ஒரு குறும்படம், கடைசியில் பொதுமக்கள் மைக்கில் பேச ஒரு மணி நேரம். செய்தி வந்த நாளில் தாங்கள் எங்கே இருந்தோம், எப்படிக் கேள்விப்பட்டோம் என்று அவரவர் சொல்ல வேண்டும். 'அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று அதற்குத் தலைப்பு. சென்னையில் நல்ல கூட்டம் வந்தது.

நோட்டீசில் அவர் படம் இருந்தது. ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கருக்குப் படம் ஏது? "பிரசிடெண்ட் கொலை! நடந்தது என்ன? அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஞாயிறு காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்துக்கு வந்து சொல்லுங்கள்!" என்று என் குரலிலேயே பதிவு செய்து கொடுத்தேன். அமெரிக்கா என்ற வார்த்தையைச் சேர்த்தால் விறுவிறுப்பு போய்விடும் என்று நினைத்தேன். ஆட்டோ சின்னசேலம் போனது, ரிஷிவந்தியம் போனது, மூன்றாம் நாள் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களையும் சுற்றிவிட்டு வந்தது. அந்த ஊர்களில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்து பிரசிடெண்ட்தான். இது எனக்குத் தெரியாதா? என் தெருவிலேயே ஒருவர் இருந்தார். தெரிந்தும் மண்டையில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வந்தவர்களில் பாதிப்பேர் ரிட்டயர் ஆன வாத்தியார்கள். ஒன்பது மணியிலிருந்தே வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு பேர் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். ஒரு தட்டியைக்கூட அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண்மணி மஞ்சள் பையோடு வந்தார். எல்லாத் தட்டிகளையும் வேகவேகமாகப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எங்க வூட்டுக்காரரு போட்டோ ஒண்ணுகூட வைக்கலியே சார்? நானே எட்த்தாந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். படத்தில் இருந்தவர் கழுத்தில் மாலை, ஜெயித்த அன்று எடுத்ததாம். கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், தேர்தலில் நின்று அவர்கள் ஊருக்குப் பிரசிடெண்ட் ஆனாராம்.

"இருவது வருசம் ஆச்சு சார். ஒருத்தரும் வந்து கேக்கல. ஸ்பீக்கர்ல நீங்க கேட்டதும் அழுதுட்டேன். மைக்ல சொன்னா எழுதிக்குவீங்களா?"

அந்த நிமிஷமே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் முட்டாள்தனம் சென்னை வரைக்கும் போகும். "எழுதிக்குவோம்மா, ஒக்காருங்க" என்றேன். அவர் பேச முன்வரமாட்டார், கூச்சப்பட்டுக் கிளம்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

முதலில் பேசிய வாத்தியார் ரேடியோவில் செய்தி கேட்டு அழுததைச் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்பதையே அந்த அம்மாள் கவனிக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, பாடம் ஒப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளையைப் போல. வாத்தியார் இறங்கியதும் அந்த அம்மாள் விறுவிறுவென்று ஏறி மைக்கைப் பிடித்தார். நான் பக்கத்திலேயே, சுவிட்ச் பெட்டியண்டை நின்றிருந்தேன்.

"அன்னிக்கு நான் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால கரும்புல இருந்தேன். போலீசு கேட்டப்ப வூட்ல இருந்தேன்னு சொன்னேன். அது பொய்யிங்க. பொண்ணு கைக்கொழந்த, பயந்துட்டேன். இப்ப அத கட்டிக் குட்த்தாச்சு, இன்னிக்கு சொல்றேன். வந்தது மூணு பேரு. மொதல்ல வெட்டுனது..."

பின்சுவரில் நின்ற இருவரும் முன்னால் வரத் தொடங்கினார்கள். நான் மைக்கை அணைத்தேன்.

அணைந்தது அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். "கேக்கல, கேக்கல" என்று நாற்காலிகளிலிருந்து சத்தம். அந்தச் சத்தத்தில் அவர் ஒரு பெயரைச் சொன்னார். மூன்றடி தூரத்தில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

மைக்கை என் கைக்கு வாங்கி மறுபடி போட்டேன். "அம்மா தப்பா புரிஞ்சிக்கினு வந்துட்டாங்க. இது அமெரிக்கா பிரசிடெண்ட்." யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் வந்த இருவரும் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள்.

அந்த அம்மாள் திரும்பி, பின்னால் இருந்த பெரிய தட்டியைப் பார்த்தார். திறந்த கார், அதில் அதிபர், பக்கத்தில் அவர் மனைவி.

"சம்சாரம் கூடவே இருந்தாங்களா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். "அவங்கள இன்னான்னு கேட்டாங்க சார்? பயப்படாம சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். நான் கூடப் போகவில்லை.

இருவரில் மூத்தவர் என்னிடம் வந்தார். "அந்தம்மா யாரு பேரையாச்சும் சொல்லிச்சா சார்?"

"மைக் ஆஃப் ஆயிடுச்சுங்க. ஒண்ணும் காதுல விழல."

"நல்ல வேல செஞ்சீங்க" என்று என் தோளில் தட்டினார். அந்த அம்மாளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி என் பயம்.

சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில், 'ஒரு பெண்மணி தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்' என்று ஒரு வரி எழுதினேன். ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற நினைப்புதான். கடைசியில் ஸ்பீக்கர் கட்டிப்போன ஆட்டோக்காரரையே அவர் ஊருக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன்.

"நல்லாதான் கீது சார். கரும்பு வெட்டிக்கினு இருந்துச்சு. உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு."

"என்ன?"

"மைக் நின்னுபோனப்புறம் சொன்னத சார் எழுதிக்கினாரான்னு."

நான் மைக்கை அணைத்தது அவருக்குப் பிறகு தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்குக் காது கேட்டது என்பதும் தெரிந்திருக்கிறது.

எழுதிக்கொண்டேன் என்று சொல்லச் சொன்னேன். அவரும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அந்தப் பெயர் எனக்கு இன்றும் மறக்கவில்லை. இங்கேயும் அதை எழுதவில்லை.