மாலை போடாத படம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஆட்கள் கதை எழுதப் படிப்பது வெள்ளவத்தையில் என் வீட்டு ஹோலில்தான் என்பதில் எனக்குப் பெருமை. என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ரீச்சர் நாவல்களையும் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதியவர். சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு நடத்துகிறார்.

ஹோல் சுவரில் என் மகனின் படம் இருக்கிறது. இராணுவச் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. அதனால் அந்தப் படத்துக்கு நான் மாலை போட்டதில்லை. ஒருநாள் வகுப்புக்குப் புதிதாக வந்த பெண்ணொருத்தி, சாமிப்படத்துக்குப் போட்டு மிஞ்சிய மாலையை மரியாதையென்று நினைத்து அவன் படத்துக்குப் போட்டுவிட்டாள்.

"என்ர பிள்ளை செத்திட்டானெண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்று கத்தினேன்.

ரீச்சரே கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினார்.

"என்ர தம்பியையும் இப்பிடித்தான் கொண்டுபோனவங்கள், அம்மா. எழுதின நாவல் எல்லாத்திலயும் அவனை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனான். என்ர வாழ்க்கையை எழுதேக்க அது ஏலாமல் போச்சு."

"செத்திட்டானெண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

"ஆரும் வந்து சொன்னவையோ?"

"இல்லை அம்மா. வழி பாத்துப் பாத்துக் களைச்சுப் போனன்."

வகுப்பு முடிந்ததும் அந்த மாலையைத் தன் அறைக்குக் கொண்டுபோய், மேசையிலிருந்த தம்பியின் படத்துக்குப் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

என் மகனின் படம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தூசி துடைக்கும்போது, முன்போல அவன் கண்களைப் பார்க்க என்னால் முடிவதில்லை.